குட்டிக்குக் கூண்டு வேண்டுமா? வழிகாட்டி நாயும் வீட்டு நாயும்

மதுரையில் இருக்கும் என் தம்பி லாப்ரடார் குட்டி வாங்குவதென்று முடிவு செய்ததும் எனக்குப் போன் செய்தான். "அக்கா, கூண்டு வாங்கலாமா வேண்டாமா? அம்மா 'பாவம், வேண்டாம்'கிறாங்க."

அம்மா சொல்வதில் தப்பே இல்லை. நம் ஊரில் நாய்க்கூண்டு என்றால், மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்த கம்பி அடைப்பில் பகலெல்லாம் பூட்டிப்போட்டு, ராத்திரி காவலுக்கு அவிழ்த்துவிடுகிற வழக்கம்தான் நினைவுக்கு வரும். நான் இருக்கும் நியூ ஜெர்சியிலோ பலர் குட்டி வருவதற்கு முன்பே கூண்டை வாங்கி ஓர் ஓரத்தில் விரித்து வைத்துவிடுகிறார்கள். பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றுக்காக இரண்டு குட்டிகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தம்பிக்குச் சொன்னதையெல்லாம், முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டிக்குக் கூண்டு ஒரு தொட்டில் மாதிரி. தொட்டில் இல்லாமலும் பிள்ளை வளரும். இருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை. நாலு வயதுப் பிள்ளையை யாரும் தொட்டிலில் போட்டுக் கட்டிவைப்பதில்லை. ஆகவே கூண்டை வாங்கும் நாளிலேயே, எப்போது அதன் கதவை நிரந்தரமாகத் திறந்துவைக்கப் போகிறோம் என்பதையும் யோசித்துவிடுங்கள்.

வழிகாட்டி நாய் வளர்ப்பில் கூண்டு எதற்கு

அமெரிக்காவில் வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் ஏழெட்டு வாரக் குட்டியைத் தன்னார்வலர் வீடுகளில் வளர்க்கக் கொடுக்கின்றன. 1929 இல் தொடங்கிய சீயிங் ஐ என்ற பழைய பள்ளி எங்கள் மாநிலத்தில் மோரிஸ்டவுனில் இருப்பதால், இந்தப் பக்கம் இப்படி வளர்ப்பவர்கள் நிறையப் பேர். ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்து, கடைத்தெரு, பஸ், கூட்டம் எல்லாம் பழக்கி, அழுதுகொண்டே திருப்பிக் கொடுக்கிறோம். அதன் பிறகு நாய் சில மாதங்கள் பள்ளியின் கொட்டடியில் தங்கிப் பயிற்சி பெறும். அதுவரை ஒரு மூடிய இடத்தில் தனியாகப் படுத்தே பழகாத நாய் அங்கே போனதும் மிரண்டுபோகும், சாப்பிடாது. கூண்டில் நிம்மதியாகத் தூங்கக் கற்ற நாய் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு காரணம், வாய். லாப்ரடார் குட்டி கண்டதையும் விழுங்கும். ஒரு சாக்ஸ் குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். கண்காணிக்க ஆள் இல்லாத அரை மணி நேரத்துக்குக் கூண்டு ஒரு காப்பு.

மூன்றாவது, கழிப்பறைப் பழக்கம். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற உணர்வு பெரும்பாலான குட்டிகளுக்கு இயல்பாகவே உண்டு. தூங்கி எழுந்த குட்டியைக் கூண்டிலிருந்து நேரே ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், ஒரே சொல்லைச் சொல்லிப் போக வைத்தால், நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் போகும். பிரிட்டனில் 'பிஸி பிஸி' என்பார்கள். வேலை செய்யும் நாய்க்கு இது உயிரான விஷயம். எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பார்வையற்றவர் தெரிந்துகொண்டால்தான் சுத்தம் செய்ய முடியும். வீட்டு நாய்க்கும் இதே முறை பலிக்கும். ராத்திரி மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் பூட்டிவைத்து வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. பயணம் போன்ற சில தேவைகளுக்குத்தான் விலக்கு. அந்த நாடுகளிலும் வழிகாட்டி நாய்கள் பயிற்சி பெற்றுப் பார்வையற்றவர்களோடு தெருவில் நடக்கின்றன. கூண்டில்லாமல் நல்ல நாயை வளர்க்கவே முடியாது என்று யாராவது அடித்துச் சொன்னால், நம்ப வேண்டாம்.

முதலில்: உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறார்களா? குட்டி சுற்றிவர ஒரு தளம் போட்ட முற்றமோ, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையோ இருக்கிறதா? அப்படியானால் கூண்டு இல்லாமலே சமாளிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், தவழும் குழந்தை வேறு இருக்கிறது என்றால் கூண்டு உதவும்.

தெருவிலிருந்து எடுத்து வந்த வளர்ந்த நாய்க்குப் பொறுமை வேண்டும். அது வலையிலோ வண்டியிலோ பிடிபட்ட அனுபவத்தோடு வந்திருக்கலாம். அப்படிப்பட்ட நாய் கம்பியைப் பார்த்ததும் ஒடுங்கினால் கூண்டு யோசனையை அப்போதே விட்டுவிடுங்கள். ஒரு பாயும் ஒரு மூலையும் போதும். குட்டி விற்பவரிடம் கூண்டிலேயே அடைபட்டு, தன் அசுத்தத்திலேயே படுத்துக் கிடந்த குட்டிகளுக்கு நான் முன்பு சொன்ன அந்தச் சுத்த உணர்வு மழுங்கியிருக்கும். அவற்றுக்குக் கூண்டு பலன் தராது. செய்தித்தாள் விரித்த அகலமான தடுப்பு ஒன்றில் வைத்து, மணிக்கொரு தரம் வெளியே கூட்டிப்போய்த்தான் பழக்க வேண்டும்.

எட்டு மணி நேரம் ஆபீஸ் போய்வரும்வரை பூட்டிவைக்கத்தான் கூண்டு என்று நினைத்திருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். பகலில் வந்து பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது குட்டி வாங்குவதையே தள்ளிப்போடுங்கள். இந்தியாவின் 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே, நடமாடப் போதிய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது.

அடுத்தது: எந்தக் கூண்டு, என்ன அளவு

கடையில் 'டாக் கேஜ்' என்றோ 'கிரேட்' என்றோ கேளுங்கள். மூன்று வகை கிடைக்கும். மடக்கக்கூடிய கம்பிக் கூண்டு நம் வெயிலுக்கு ஏற்றது, காற்று நாலு பக்கமும் போகும். பிளாஸ்டிக் பெட்டி விமானப் பயணத்துக்கானது, வீட்டுக்குள் புழுங்கும். துணிக்கூண்டு, பழகி முடித்த நாயோடு ஊருக்குப் போகும்போது சௌகரியம். பல் முளைக்கும் குட்டி அதை ஒரே மத்தியானத்தில் கிழித்துவிடும்.

அளவெடுக்க நாடா போதும். நிற்கும் நாயின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து நாலு அங்குலம் கூட்டினால் நீளம். தரையிலிருந்து தலை உச்சிவரை அளந்து மூன்று நாலு அங்குலம் கூட்டினால் உயரம். நாய் தலை குனியாமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். வளர்ந்த லாப்ரடாருக்குப் பொதுவாக 42 அங்குலக் கூண்டு சரியாக இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி நெட்டைக் கால் நாய்களுக்குக் கடைக்காரர் எடையை வைத்துச் சொல்லும் அளவு பொருந்தாது. அளந்து பார்த்தே வாங்குங்கள்.

குட்டிக்கென்று சின்னக் கூண்டு, பிறகு பெரியது என்று இரண்டு வாங்கத் தேவையில்லை. நடுவே தடுப்புக் கம்பி உள்ள பெரிய கூண்டாக ஒன்றை வாங்கி, குட்டி வளர வளரத் தடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகலாம். ஆரம்பத்திலேயே முழு இடத்தையும் கொடுத்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது

ராத்திரிக்கு, நீங்கள் படுக்கும் அறையில் வையுங்கள். குட்டி உங்கள் மூச்சுச் சத்தத்தைக் கேட்க வேண்டும். தாயையும் கூடப்பிறந்ததுகளையும் விட்டு வந்து இரண்டாம் நாள் தனி அறையில் கதறுகிற குட்டி எதையும் கற்பதில்லை, பயத்தை மட்டும்தான் கற்கிறது. பகலில் கூடத்தில், ஆள் நடமாட்டம் தெரிகிற, ஆனால் யார் காலிலும் தட்டாத ஓரத்தில் வைக்கலாம். மொட்டை மாடி, பால்கனி, ஜன்னல் வெயில் விழும் இடம் கூடவே கூடாது.

நம் ஊர் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டில் இருந்துகொண்டு எழுதியவை. மெத்தை போடு, மேலே போர்வை மூடு என்று சொல்லும். சித்திரை மாதத்து மதியத்தில் நம் வீட்டு நாய் என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மொசைக் தரையில் வயிறு ஒட்டப் படுக்கும். அந்த இடம் சூடானதும் எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும். பிறகு கிணற்றடிக்கோ குளியலறை வாசலுக்கோ போகும். உடம்பெல்லாம் வியர்க்காத பிராணி அது. மூச்சிரைத்தும் குளிர்ந்த இடத்தைத் தேடிப்போயும்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கூண்டுக் கதவைச் சாத்தினால் தேடிப்போகும் வழியை நாம் அடைத்துவிடுகிறோம். ஆகவே ஏப்ரல், மே மதியங்களில் ஏசி ஓடாத அறையில் கூண்டைச் சாத்தாதீர்கள். ஃபேனை நம்பிப் பூட்டிவிட்டு வெளியே போனால், கரண்ட் போனதை உங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. உள்ளே மெத்தைக்குப் பதிலாகப் பழைய பருத்திப் புடவையை ஒற்றையாக மடித்துப் போடுங்கள், துவைக்கவும் சுலபம்.

பழக்கும் முறை

முதல் மூன்று நாள் கதவைத் தொடவே தொடாதீர்கள். கதவு தானாக ஆடிச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கயிற்றால் பின்னால் இழுத்துக் கட்டிவிடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை முதலில் வாசலில், அடுத்த வேளை கொஞ்சம் உள்ளே, பிறகு கடைசிச் சுவரோரம் என்று நகர்த்துங்கள். இடையிடையே குட்டி பார்க்காதபோது இரண்டு துண்டு வேகவைத்த கோழியையோ கேரட்டையோ உள்ளே போட்டு வையுங்கள். தானே போய்க் கண்டுபிடித்துத் தின்னும். உள்ளே தள்ளுவது, தூக்கிப் போடுவது வேண்டாம். என் முதல் குட்டி இரண்டு நாள் முன்னங்கால் இரண்டையும் மட்டும் உள்ளே வைத்து, பின்பாதியை வெளியே விட்டுக்கொண்டு சாப்பிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் விளையாடிக் களைத்துப் போய், யாரும் கூப்பிடாமல் தானே உள்ளே போய்ச் சுருண்டது. அன்று அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த நான் அசையக்கூட இல்லை.

இப்படித் தானாகப் போகத் தொடங்கிய பிறகு, சாப்பிடும்போது கதவைச் சாத்தி, கிண்ணம் காலியாவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். நீங்கள் பக்கத்திலேயே காய்கறி நறுக்கிக்கொண்டோ பேப்பர் படித்துக்கொண்டோ இருங்கள். அடுத்தபடியாக எழுந்து சமையலறைவரை போய் வாருங்கள். பத்து நிமிடம் அமைதியாக இருந்தால்தான் வாசலைத் தாண்டுவது. இதற்கு இரண்டு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அவசரப்பட்டவர்கள்தான் "என் நாய்க்குக் கூண்டு ஒத்துவரவில்லை" என்று கடைசியில் சொல்கிறார்கள்.

அழுதால் என்ன செய்வது? கேட்டுப் பழகினால் இரண்டு விதமான அழுகை பிரித்துத் தெரியும். சிணுங்கிவிட்டு அடங்கும் அழுகைக்கு ஒரு நிமிடம் பொறுக்கலாம். தூங்கி எழுந்து சட்டென்று தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து அழுதால் வயிறு முட்டுகிறது என்று பொருள். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ராத்திரியில் விளக்கைப் பளிச்சென்று போடாமல், கொஞ்சாமல், போக வைத்துத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். எட்டு வாரக் குட்டிக்கு ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்தே ஆக வேண்டும். நடுராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டேன் நான்.

எத்தனை மணி நேரம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: குட்டியின் வயது எத்தனை மாதமோ அத்துடன் ஒன்று. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரம் அடக்க முடியும். இது மூத்திரப்பையின் எல்லை, மனசின் எல்லை அல்ல. பகலில் நான் ஒரு தூக்கத்தின் நேரத்துக்கு மேல் சாத்தியதில்லை. வளர்ந்த நாயானாலும் பகலில் நாலு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் இரண்டாவது குட்டிக்கு ஐந்து மாதம். ஒரு ராத்திரி கழுத்துப்பட்டையோடு கூண்டில் விட்டுவிட்டேன். கழுத்தில் தொங்கிய தகடு கம்பிகளுக்கு நடுவே குறுக்கே மாட்டிக்கொண்டது. கூண்டே தரையில் இழுபடும் சத்தம் கேட்டு எழுந்தேன். குட்டி பின்னால் இழுக்க இழுக்கப் பட்டை இறுகுகிறது, குரைக்க மூச்சு இல்லை. இடது கையால் அதன் உடம்பைக் கம்பியோடு சேர்த்து முன்னால் தள்ளி, பட்டை தளர்ந்த அந்த நொடியில் வலது கையால் கொக்கியை எடுத்தேன். பத்து நிமிடம் தூங்கியிருந்தால் செத்திருக்கும். அன்றிலிருந்து கூண்டின் மேலேயே ஓர் ஆணிக்கொக்கி மாட்டியிருக்கிறேன். உள்ளே போகுமுன் பட்டை அதில் தொங்க வேண்டும். ஹார்னஸ், துணிச்சட்டை, மணி கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கடி பொம்மை கொடுத்தால், உடைந்து துண்டாகாத கெட்டி ரப்பராகப் பாருங்கள். எலும்பு வேண்டாம். தண்ணீரைக் கம்பியில் மாட்டும் கிண்ணத்தில் வையுங்கள்.

பார்வையற்றவர் வீட்டில் கூண்டு

வழிகாட்டி நாயோடு வாழும் தோழி ஒருவரிடம் நான் கற்றது இது. பார்வை உள்ள நமக்குத் தோன்றாத முதல் சிக்கல், அரைகுறையாகத் திறந்து நிற்கும் கூண்டுக் கதவு. அதன் ஓரம் முழங்காலுக்குக் கீழே சரியாக எலும்பில் இடிக்கும். குனிந்து எதையாவது தேடும்போது நெற்றியிலும் படும். அவர் கதவைக் கழற்றியே போட்டுவிட்டார். கூண்டின் மேல் விளிம்பில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றியிருக்கிறார். கை பட்டதும் இடம் தெரியும். ஒருமுறை வைத்த இடத்திலிருந்து அதை யாரும் ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. தினமும் காலையில் உள்ளே கையை விட்டு, புடவைத் துணியை மூலை மூலையாகத் தடவி ஈரம் இருக்கிறதா, பொம்மை உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அவர் விரல் போகும் வேகத்துக்கு என் கண் போகாது.

பள்ளியில் நாயும் பயனாளரும் சேர்ந்து பயிற்சி பெறும் நாட்களில், விடுதி அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உறை போட்ட குட்டைக் கம்பிவடத்தில் நாயைக் கட்டிவைப்பது அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் வழக்கம். கையை நீட்டினால் நாய் தொடுபட வேண்டும், அதுதான் நோக்கம். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களும் நாயை முழுவதும் அவிழ்த்துவிடாமல் வாரோடு தன் அருகிலேயே வைத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் நாயை இன்னோர் அறையில் கூண்டில் விடுவது இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் நேரத்தைக் கெடுக்கும் என்பது என் எண்ணம். தோழியின் நாய் ஆபீஸில் அவர் மேஜைக்கு அடியிலும், விமானத்தில் அவர் காலடியிலும் படுத்துக்கொள்கிறது. கூண்டில் கற்ற அமைதியை அது தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது.

எப்போது நிறுத்துவது

கூண்டை ஒருபோதும் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். செருப்பைக் கடித்ததற்காக உள்ளே தள்ளிப் பூட்டிய அன்றே மூன்று வாரப் பழக்கம் பாழாகும். குழந்தைகள் அதற்குள் நுழைந்து விளையாடுவதும், உள்ளே படுத்திருக்கும் நாயைக் குச்சியால் சீண்டுவதும் கூடாது. உள்ளே போய்விட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கை நாய்க்கு இருக்க வேண்டும்.

திறந்து பார்க்கும்போது மார்பெல்லாம் எச்சில் ஊறியிருந்தாலோ, நகம் உடைந்து ரத்தம் இருந்தாலோ, கம்பி வளைந்திருந்தாலோ அது அடம் அல்ல, தனிமைப் பயம். கெட்டியான கூண்டு வாங்கினால் பல்தான் உடையும். அன்றோடு பூட்டுவதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் குட்டிக்கு எட்டுப் பத்து மாதத்திலிருந்து கதவைத் திறந்துவிட்டுப் பாருங்கள். முதலில் பதினைந்து நிமிடம், ஒரே அறையில், கடிக்கக் கூடியதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு. சேதம் இல்லையென்றால் ஒரு மணி நேரம், பிறகு ஓர் இரவு. பள்ளிக்கு நாங்கள் திருப்பிக் கொடுக்கும்போது, வீட்டில் அவிழ்ந்த நிலையிலும் அமைதியாகப் படுத்திருக்கும் நாயாகத்தான் கொடுக்க முயல்கிறோம்.

அதற்குப் பிறகும் கூண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, வீட்டின் நடு அறையில் விரித்து, மூன்று பக்கம் கனமான துணியால் மூடி, கதவைத் திறந்தே வையுங்கள். வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் நடுங்கும் நாய்கள் பல அதற்குள் போய்த் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். கால் எலும்பு முறிவுக்கோ மூட்டு அறுவைக்கோ பிறகு மருத்துவர்கள் வாரக்கணக்கில் ஓடாமல் குதிக்காமல் வைத்திருக்கச் சொல்வார்கள். முன்பே பழகிய நாய்க்கு அந்த வாரங்கள் சிறையாகத் தெரியாது. தம்பியின் நாய்க்குக் கருத்தடை அறுவை முடிந்து வந்த அன்று, பாவம் என்று முதலில் சொன்ன அம்மாதான் பரணிலிருந்து கூண்டை இறக்கித் துடைத்து, தன் பழைய சுங்குடிச் சேலையை மடித்து உள்ளே போட்டு, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.